கீழிருந்து ஏறும் நீர்

2015 டிசம்பர் முதல் வாரத்தை அசோக் நகரிலும் ஜாபர்கான்பேட்டையிலும் எம்.ஜி.ஆர். நகரிலும் குடியிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடாமல் பெய்த மழையும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரும் சேர்ந்து அடையாறு கரை மீறியது. தரைத்தளத்தில் இருந்தவர்கள் மணல் மூட்டையையும் பழைய துணியையும் வைத்து வாசலை அடைத்தார்கள். பல வீடுகளில் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைத் தரையில் இருக்கும் ஓட்டை வழியாகக் குமிழ் விட்டுக்கொண்டு மேலே வந்தது. வெளியே போகவேண்டிய பாதையிலேயே ஊர்க் கழிவோடு சேர்ந்து உள்ளே ஏறியது.

அன்று இந்தப் பகுதி ஒரு பாடம் கற்றது. வீட்டுக்குள் நீர் நிற்கிறது என்றால் அது எங்கிருந்து வந்த நீர் என்று முதலில் தெரியவேண்டும். கூரை ஒழுகினால் ஒரு வைத்தியம். சாக்கடை எதிர்த்து வந்தால் வேறு வைத்தியம். கூரைக்கு எத்தனை முறை தார் பூசினாலும் கீழிருந்து வரும் நீர் நிற்காது.

நம் நெஞ்சுக்குள் எரியும் நெருப்பின் கதையும் இதுதான். நெஞ்செரிச்சல் என்றதும் நாம் ஒரே ஒரு குற்றவாளியின் பெயரைச் சொல்கிறோம்: அமிலம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சிலருக்கு, இரைப்பையில் சுரக்கும் அந்த நீரோடு, இரைப்பைக்குக் கீழே இருக்கும் குடலிலிருந்து இன்னொரு நீரும் எதிர்த்து ஏறுகிறது. அதுதான் பித்தநீர். இந்த இரண்டு நீர்களையும், அவற்றுக்கிடையே உள்ள உறவையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

இரண்டு கதவுகள்

வாயில் போட்ட கவளம் குடலுக்குப் போய்ச் சேரும் வழி ஓர் ஒருவழிப் பாதை. அதில் இரண்டு கதவுகள் முக்கியமானவை. முதல் கதவு, உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் இருக்கிறது. இரண்டாவது கதவு, இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. இரண்டுமே வளையம்போன்ற தசைகள். தேவையானபோது தளரும், மற்ற நேரத்தில் இறுகியிருக்கும்.

இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். 1824-இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரவுட் இதை உறுதிப்படுத்தியபோது, உயிருள்ள உடம்புக்குள் இவ்வளவு கடுமையான அமிலமா என்று பலர் நம்பவே தயங்கினார்கள். அதன் அமிலத்தன்மை பி.எச். அளவில் 1-க்கும் 2-க்கும் இடையே இருக்கும். எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையானது.

அப்படியானால் இரைப்பை ஏன் அரித்துப்போவதில்லை? பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை நினைத்துப்பாருங்கள். ஈயம் பூசிய பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கலாம்; பூச்சு போன பாத்திரத்தில் வைத்தால் களிம்பு ஏறிவிடும். இரைப்பையின் உட்சுவரில் அப்படியொரு பூச்சு இருக்கிறது. கெட்டியான சளிப் படலமும் அதற்குள் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் சேர்ந்தது அது. உணவுக்குழாய்க்கு அந்தப் பூச்சு கிடையாது. ஆகவே மேல்கதவு தளர்ந்து அமிலம் ஏறினால் நெஞ்சு எரிகிறது, புளித்த நீர் தொண்டைவரை எதுக்களிக்கிறது. இது அடிக்கடி நடந்து வாழ்க்கையைத் தொந்தரவு செய்தால், அல்லது உணவுக்குழாயைப் புண்ணாக்கினால், அதுவே அமில எதுக்களிப்பு நோய்.

இது அரிய நோய் இல்லை. இந்திய இரைப்பை-குடல் மருத்துவர் சங்கத்தின் பணிக்குழு நாட்டின் பல மையங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டது. வாரத்துக்கு ஒருமுறையாவது நெஞ்செரிச்சலோ எதுக்களிப்போ உள்ளவர்கள் 7.6 சதவீதம். ஏறக்குறைய பதின்மூன்று பேரில் ஒருவர். அசோக் நகர் மெட்ரோவில் காலை நேரத்து ஒரு பெட்டியில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இவையெல்லாம் மேல்கதவின் கதை. கீழ்க்கதவின் கதைக்கு மீன் மார்க்கெட்டுக்குப் போகவேண்டும்.

மீன் கழுவும்போது உடையும் பை

எம்.ஜி.ஆர். நகர் மார்க்கெட்டிலோ சைதாப்பேட்டையிலோ மீன் வாங்கி வீட்டில் கழுவியவர்களுக்குத் தெரியும். குடலை எடுக்கும்போது கரும்பச்சையாக ஒரு சின்னப் பை தென்படும். அது கையில் உடைந்துவிட்டால் எவ்வளவு கழுவினாலும் குழம்பில் கசப்பு தங்கும். “பித்து உடைஞ்சிடப்போகுது, பாத்து எடும்மா” என்று பாட்டிமார்கள் எச்சரிப்பது அந்தப் பையைத்தான்.

நம் வயிற்றிலும் அதே பை இருக்கிறது. பித்தநீரைச் செய்வது கல்லீரல். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை. பித்தப்பை அதை வாங்கி, நீரைச் சுண்டவைத்துச் சேமித்துக்கொள்ளும். பை கொள்ளுவது 30 முதல் 50 மில்லிலிட்டர்தான். கொழுப்புள்ள உணவு சிறுகுடலுக்குள் வந்ததும் குடல் ஒரு ஹார்மோனைச் சுரந்து தகவல் அனுப்பும். பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் பீய்ச்சும்.

எதற்கு? எண்ணெய்க் குளியல் எடுத்துவிட்டு வெறும் தண்ணீரை ஊற்றினால் தலையில் எண்ணெய் அப்படியே இருக்கும். சீயக்காய் தேய்த்தால்தான் எண்ணெய் நுண்ணிய துளிகளாக உடைந்து நீரோடு போகும். பித்தநீரில் உள்ள பித்த அமிலங்கள் குடலுக்குள் செய்வது இதே வேலை. நெய்யும் நல்லெண்ணெயும் அவற்றால்தான் நுண்துளிகளாகி, செரிமான நொதிகளின் கைக்கு எட்டுகின்றன.

அந்தச் சீயக்காய் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். எண்ணெயை உடைக்கும் பொருளுக்கு உயிரணுவின் மேலுறையையும் உடைக்கத் தெரியும்; ஏனென்றால் அந்த உறையும் கொழுப்பால் ஆனதே. குடல் இதைத் தாங்கப் பழகியது. இரைப்பையும் உணவுக்குழாயும் அப்படிப் பழகியவை அல்ல. கீழ்க்கதவு தாண்டிப் பித்தநீர் இரைப்பைக்குள் வருவதுதான் பித்த எதுக்களிப்பு. அது மேல்கதவையும் தாண்டினால் உணவுக்குழாயைத் தொடுகிறது.

உயிரோடு இருக்கும் மனிதரின் இரைப்பைக்குள் பித்தநீரை முதன்முதலில் கவனமாகப் பார்த்துக் குறித்தவர்களில் ஒருவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட். 1822-இல் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டு வயிற்றில் ஒரு துளை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அந்தத் துளை வழியாகப் பல ஆண்டுகள் சோதனைகள் செய்து, 1833-இல் போமாண்ட் ஒரு நூல் வெளியிட்டார். இரைப்பையில் பித்தநீர் சாதாரணமாகத் தென்படுவதில்லை. கொழுப்பான உணவைத் தொடர்ந்து உண்டபோதும் கடுங்கோபம் வந்தபோதும் தென்பட்டது என்று அதில் எழுதினார்.

சிறிதளவு பித்தநீர் அவ்வப்போது இரைப்பைக்குள் வந்துபோவது ஆரோக்கியமானவர்களுக்கும் உண்டு என்று இன்று தெரியும். அளவும் நேரமும் மிஞ்சும்போதுதான் அது நோய்.

பித்தம் என்ற சொல்

தமிழில் ‘பித்தம்’ மிக அகலமான சொல். சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்று உடலின் இயக்கத்தை மூன்றாகப் பகுக்கிறது. அங்கே பித்தம் என்பது ஒரு நீரைவிடப் பெரிய கருத்து. வீட்டுப் பேச்சில் தலைசுற்றினால் பித்தம், காலையில் குமட்டினால் பித்தம். இஞ்சி மொரப்பாவும் எலுமிச்சைச் சாறும் அதற்கான கைவைத்தியம். இந்த அத்தியாயத்தில் பேசுவது அந்தப் பித்தத்தை அல்ல. கல்லீரல் சுரக்கும், குடுவையில் பிடித்து அளக்கக்கூடிய நீரை மட்டுமே.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். நாலைந்து முறை வாந்தி எடுத்தால் கடைசியில் மஞ்சளாக, கசப்பாக வரும். வயிறு காலியானபின் குடலில் இருந்ததும் சேர்ந்து வெளியேறுகிறது, அவ்வளவுதான். அதை வைத்துப் பித்த எதுக்களிப்பு நோய் என்று முடிவுகட்டக் கூடாது. ஆனால் பிறந்த குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். குடல் அடைப்போ குடல் முறுக்கோ இருக்கலாம்.

வயிற்றில் பழைய தழும்பு

நம் ஊரில் பித்த எதுக்களிப்பை மருத்துவர்கள் கூர்ந்து அறிந்துகொண்டதற்கு ஒரு வரலாறு உண்டு. அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்களில் சிலருக்கு மேல்வயிற்றின் நடுவே நெடுக்காக ஒரு தழும்பு இருக்கும். கேட்டால், “அல்சர் ஆபரேஷன்ப்பா, அந்தக் காலத்துல பண்ணது” என்பார்கள்.

சிறுகுடலின் தொடக்கமான முன்சிறுகுடலில் வரும் புண் தென்னிந்தியாவில் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. மைசூர் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில் பணியாற்றிய பிராங்க் டோவி என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், அரிசியை முதன்மை உணவாகக் கொண்ட பகுதிகளில் இது ஏன் அதிகம் என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். நாள்பட்ட புண் ஆறி ஆறிச் சுருங்கி, கீழ்க்கதவையே அடைத்துவிடும். உண்டது இறங்காது, மாலையில் வாந்தியெடுத்தால் காலையில் தின்றது வரும். அதற்கு அன்று அறுவைச் சிகிச்சையே தீர்வு. அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள். ‘ஜி.ஜே.’ என்று இன்றும் மருத்துவமனை வராந்தாக்களில் சொல்லப்படும் அறுவை இதுவே. இப்படி இணைக்கும் முறையை முதலில் செய்தவர் வியன்னாவில் தியோடர் பில்ராத்தின் உதவியாளராக இருந்த அன்டன் வோல்ஃப்லர்; ஆண்டு 1881.

அந்த அறுவை எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் காவல் இருந்த கதவைச் சுற்றிக்கொண்டு, கதவே இல்லாத ஒரு புதுவழி பிறந்துவிட்டது. சாப்பாடு அதன் வழியாக இறங்கியது. பித்தநீர் அதே வழியாக ஏறியது. சிலருக்கு ஓயாத மேல்வயிற்று எரிச்சல், கசப்பு வாந்தி, உடல் மெலிவு. எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் இரைப்பைச் சுவர் சிவந்து, பச்சை-மஞ்சள் நீர் தேங்கிக் கிடக்கும். இவர்களுக்கு அமிலத்தை முறிக்கும் மருந்து போதிய பலன் தரவில்லை. கூரைக்குத் தார் பூசிய கதைதான். பித்தநீருக்குத் தனியாக ஒரு தீங்கு உண்டு என்பதை இந்த நோயாளிகள் வழியாகவே உலகெங்கும் மருத்துவம் தெளிவாகக் கற்றது.

தீர்வையும் அறுவையே தந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் செசார் ரூ 1890-களில் உருவாக்கிய ஒரு முறையில், குடலை ‘ஒய்’ எழுத்து வடிவில் மாற்றி இணைப்பார்கள். பித்தநீர் வந்து சேரும் இடம் இரைப்பையிலிருந்து சுமார் 50-60 சென்டிமீட்டர் கீழே போய்விடும். அவ்வளவு தூரம் எதிர்த்து ஏற அதற்கு வலு இருக்காது. இத்தகைய அறுவைகளைச் செய்யும் இரைப்பை-குடல் அறுவை மருத்துவம் சென்னை மருத்துவக் கல்லூரியில் தனித்துறையாக வளர்ந்தது. அந்தத் துறையை வளர்த்தெடுத்த பேராசிரியர் என். ரங்கபாஷ்யம் 2002-இல் பத்மபூஷண் பெற்றார்.

பிறகு காட்சி மாறியது. 1970-களின் நடுவில் சிமெட்டிடின், 1980-களின் இறுதியில் ஒமிப்ரசோல் என்று அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகள் வந்தன. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் குடற்புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா காரணம் என்ற தடயத்தைக் கண்டார்கள்; 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கத்தி செய்த வேலையை இரண்டு வார மருந்து செய்யத் தொடங்கியது. புண்ணுக்கான ஜி.ஜே. அறுவை அருகிப்போனது. ‘அல்சர்’ என்ற சொல் மட்டும் எல்லா வயிற்று வலிக்கும் பெயராக நம் நாவில் தங்கிவிட்டது.

பித்த எதுக்களிப்பு மறையவில்லை. பித்தப்பைக் கல்லுக்காகப் பையையே எடுத்தவர்களுக்குச் சேமிக்கும் இடம் இல்லாததால் பித்தநீர் நாள் முழுவதும் குடலுக்குள் கசிந்துகொண்டிருக்கும். எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் சிலருக்கு அது மேலேறுகிறது. உடல் பருமனுக்காகச் செய்யும் இரைப்பை மாற்றுவழி அறுவைகளில், ஒரே இணைப்போடு முடிக்கும் வகையிலும் இந்த அபாயம் பேசப்படுகிறது. நாள்பட்ட சர்க்கரை நோயால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறவர்களுக்கு, மேலே வந்த பித்தநீர் சீக்கிரம் இறங்காமல் தங்கிவிடும்.

இரண்டும் சேர்ந்தால்

அமிலமும் பித்தமும் எதிரெதிர் நீர்கள், ஒன்று மற்றதை முறித்துவிடும் என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். பித்த எதுக்களிப்பைக் ‘காரநீர் எதுக்களிப்பு’ என்றுகூட அழைத்தார்கள். அந்தப் பெயர் தவறானது என்று 1990-களில் புலப்பட்டது.

அப்போது ஒரு கருவி வந்தது. மூக்கு வழியாக மெல்லிய ஒளியிழையை உணவுக்குழாய்க்குள் இறக்கி, 24 மணி நேரம் அங்கேயே வைத்திருப்பார்கள். பித்தநீரின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் நீல ஒளியை உறிஞ்சும். ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்துப் பித்தநீர் வந்துபோகும் நேரத்தைக் கணக்கிடலாம். அன்று முழுவதும் நிறமுள்ள உணவைத் தொடக்கூடாது; கருவி ஏமாந்துவிடும். நம் ஊரில் என்றால் சாம்பாரும் தக்காளிச் சட்னியும் கிடையாது, வெறும் இட்லியும் தயிர்சாதமும்தான்.

அமெரிக்காவில் மைக்கேல் வாயிசியும் ஜோயல் ரிக்டரும் இந்தக் கருவியையும் அமிலம் அளக்கும் கருவியையும் சேர்த்துப் பயன்படுத்தி 1996-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அமிலம் அதிகம் ஏறியவர்களுக்கே பித்தமும் அதிகம் ஏறியிருந்தது. உணவுக்குழாயின் சேதம் கூடக்கூட இரண்டின் அளவும் கூடியிருந்தது. இரண்டும் உச்சத்தில் இருந்தது பாரட் உணவுக்குழாய் உள்ளவர்களிடம். நார்மன் பாரட் என்ற லண்டன் அறுவை மருத்துவரின் பெயரைத் தாங்கிய இந்த மாற்றத்தில், உணவுக்குழாயின் உட்தோல் தன் இயல்பை விட்டுக் குடலின் தோல்போல மாறிவிடுகிறது. அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குப் பின்னாளில் புற்றுநோய் வரலாம்.

இரண்டும் சேர்ந்து ஏன் கூடுதல் சேதம் செய்கின்றன? விடை வேதியியலில் இருக்கிறது. பித்த அமிலங்கள் பொதுவாக மின்னேற்றம் கொண்டவை. மின்னேற்றம் உள்ள பொருள் உயிரணுவின் கொழுப்பு உறையை எளிதில் ஊடுருவாது. சுற்றிலும் கடுமையான அமிலம் இருந்தால் ஒருவகைப் பித்த அமிலங்கள் அந்த மின்னேற்றத்தை இழந்து சத்தமின்றி உள்ளே நழுவுகின்றன. உயிரணுவின் உட்புறம் நடுநிலையானது. அங்கே போனதும் மறுபடியும் மின்னேற்றம் பெறுகின்றன, வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்கின்றன, சேர்ந்துகொண்டே போய் உயிரணுவைச் சிதைக்கின்றன. பித்தநீருக்குக் கதவைத் திறந்துவிடும் சாவியாக அமிலமே வேலை செய்கிறது.

இதனால் ஒரு நற்செய்தியும் உண்டு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை பித்தத்தின் சேதத்தையும் ஓரளவு குறைக்கிறது. சாவி பறிபோகிறது, இரைப்பையில் மொத்த நீரின் அளவும் குறைவதால் மேலேறுவதும் குறைகிறது. ஆனால் அந்த மாத்திரை எந்தக் கதவையும் இறுக்குவதில்லை. ஏறும் நீரின் புளிப்பைத்தான் குறைக்கிறது. புளிப்புப் போனபின்னும் கசப்பு ஏறிக்கொண்டிருக்கலாம்.

மருந்துக்கடை வாசலில்

நூறடிச் சாலையில் அசோக் பில்லரைச் சுற்றியுள்ள எந்த மருந்துக்கடையிலும் காலையில் கேட்கும் பேச்சு இது. “தம்பி, அந்த கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுப்பா.” “எதுண்ணே, போன மாசம் வாங்குனதா?” “அதேதான். அது கேக்க மாட்டேங்குது, கொஞ்சம் பவர் கூட இருந்தா குடு.”

மாத்திரை கேட்கவில்லை என்றால் பவரைக் கூட்டுவதற்குமுன் நான்கு கேள்விகள் உண்டு. முதலாவது: எப்போது சாப்பிடுகிறீர்கள்? ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல் போன்றவை உணவுக்கு அரை மணி நேரம் முன்னால் எடுக்கவேண்டியவை. அமிலம் சுரக்கும் பம்புகள் உணவால் விழித்தெழும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருக்கவேண்டும். டிபன் முடித்து காபியும் குடித்தபின் போடுகிறவர்களுக்குப் பாதி பலன் வீண். இரண்டாவது: அமிலம்தான் காரணமா? உணவுக்குழாயின் நரம்புகள் கூர்மையாகிவிட்டதால், எதுவும் அளவுமீறி ஏறாமலே எரிச்சல் உணர்கிறவர்கள் பலர். மூன்றாவது: பித்தமா? நான்காவது: இதயமா? வியர்வையோடு, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நெஞ்சு பாரத்தை ‘கேஸ்’ என்று நினைத்து சோடா குடித்துப் படுத்தவர்கள் விடியலைப் பார்க்காமல் போயிருக்கிறார்கள். அந்த அறிகுறிக்கு மருந்துக்கடை போகும் இடம் அல்ல.

நெஞ்செரிச்சல், கசப்பு, மேல்வயிற்று வலி ஆகியவற்றை வைத்து மட்டும் அமிலத்தையும் பித்தத்தையும் பிரித்தறிய முடியாது. எண்டோஸ்கோப்பி சேதத்தைக் காட்டும், தேவையானால் சதைத் துணுக்கு எடுக்க உதவும். அமிலத்தோடு அமிலமற்ற நீர் ஏறுவதையும் பதிவு செய்யும் 24 மணி நேரச் சோதனை உண்டு. கல்லீரல் வழியாக வெளியேறும் மிகக் குறைந்த கதிரியக்கப் பொருளை ஊசியில் செலுத்தி, பித்தநீர் இரைப்பைக்குள் வருகிறதா என்று படமெடுக்கும் சோதனையும் உண்டு. பித்தம்தான் என்று தெரிந்தால், புண்ணின்மேல் படலமாகப் படியும் சுக்ரால்ஃபேட், இரைப்பையை வேகமாகக் காலிசெய்யும் மருந்துகள், அர்சோடியாக்சிகோலிக் அமிலம் ஆகியவற்றிலிருந்து மருத்துவர் தேர்ந்தெடுப்பார். கடைசியாகச் சொன்னது கரடியின் பித்தநீரிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. தீங்கு குறைந்த இந்தப் பித்த அமிலம் இன்று ஆலையில் தயாராகிறது. இவற்றுக்கும் மசியாத சிலருக்கு ரூ காட்டிய அறுவை வழி இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை இரண்டு நீருக்கும் பொதுவானவை. இரவு உணவை அளவாக, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து அரை அடி உயர்த்துங்கள். வெறும் தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். எடை கூடியிருந்தால் குறையுங்கள். புகைபிடிப்பதை விடுங்கள்.

விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம், ரத்தசோகை, நிற்காத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை அட்டையைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். வயிற்றிலோ பித்தப்பையிலோ எப்போதாவது அறுவை நடந்திருந்தால், எத்தனை ஆண்டு கழிந்திருந்தாலும், அதை அவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பித்தநீர் எதிர்த்து ஏறக்கூடும் என்பதற்கு அதைவிடப் பெரிய தடயம் நோயாளியின் வாயிலிருந்து கிடைப்பதில்லை.